பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க: நம்ம கடப்புறத்து டூர்னமெண்ட் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை வரை ஃபுட்பால் டூர்னமெண்ட் நடத்துகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். உங்க ஃபைனலுக்கெல்லாம் மைக் பிடிக்கிற ஆள்தான். உங்களைக் குறை சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் குற்றத்தை ஒத்துக்கொள்வதுதானே மரியாதை?

போன கிறிஸ்துமஸ் சமயம், ஒரு செமிஃபைனல் ராத்திரி. மஞ்சள் ஜெர்சி அணியின் ஸ்டாப்பர் (கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிறவன்) ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான். மேட்ச் முழுக்க அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. தலையால் எடுத்தான், காலால் எடுத்தான், கடைசியில் கோல் லைனில் விழுந்து நெஞ்சால் தடுத்தான். நான் மைக்கில் "மஞ்ச ஜெர்சி நாலாம் நம்பர், நாலாம் நம்பர்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கோல் அடித்தவனின் பேரைத் தேடிப்பிடித்து ஏழெட்டு தடவை சொன்னேன். நாலாம் நம்பர் கடைசிவரை நாலாம் நம்பராகவே போனான்.

ஆட்டம் முடிந்து பால் இல்லாத கட்டஞ்சாயா குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். கையில் என்ன என்றேன். "தங்கூசி கீறிட்டு அண்ணா, இன்னைக்கு மத்தியானந்தான் போட்டு கரைக்கு வந்துச்சு" என்றான். தங்கூசி என்றால் தூண்டில் நரம்பு. முப்பத்தெட்டு நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு வந்தவன், வீட்டில் சோறு தின்ற கையோடு கிரவுண்டுக்கு வந்திருக்கிறான். பேர் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். எண்பது நிமிடம் அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

சரி, இனி உங்க பங்கு.

அதே கிரவுண்டின் வாசலில் நீங்கள் கட்டியிருந்த ஃபிளெக்ஸை நின்று எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தாறு முகம். பரிசுத் தொகை கொடுத்தவர், கோப்பை கொடுத்தவர், கோப்பை கொடுத்தவரின் தகப்பன், லைட் செலவு ஏற்றவர், வளைகுடாவில் இருக்கிற நண்பர் குழு, கமிட்டித் தலைவர், முன்னாள் தலைவர், பிறந்தநாள் கொண்டாடுகிற ஒரு குழந்தை. நடுவில் மெஸ்ஸி. ஆடப்போகிற பதினாறு அணியில் ஒருத்தன் முகமும் இல்லை, ஒருத்தன் பேரும் இல்லை. மெஸ்ஸி மேல் எனக்கு வருத்தம் இல்லை, 2022 உலகக் கோப்பை ஃபைனல் அன்று அழுதவன் நான். ஆனால் அந்த மனிதர் நம்ம கடப்புறத்தில் ஒரு கார்னர்கூட எடுத்ததில்லை.

இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜை எத்தனை ஃபிளெக்ஸில் பார்த்திருக்கிறீர்கள்? அவர் கதையை நம்ம பிள்ளைகளே முழுசாகச் சொல்வதில்லை. 2017 நவம்பர் 30 நமக்கு என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓகிப் புயலில் போன ஆட்களின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி அணையாத அந்த மாதங்களில், அவர் சென்னை சிட்டி எஃப்சிக்காக ஐ-லீக் என்கிற தேசிய லீக்கில் இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். அந்த சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் அணி அவரைக் கூட்டிக்கொண்டு போனது. 2019-இல் இந்திய ஜெர்சி போட்டார். அதே வருடம் கொல்கத்தாவின் ஏடிகே அணி. விங்கில் கோல் தேடிக்கொண்டிருந்த மனிதரை அங்கே இடது விங்பேக் ஆக்கினார்கள். மேலேயும் ஓட வேண்டும், கீழேயும் வந்து தடுக்க வேண்டும். பார்க்கிறவனுக்குச் சுவாரசியம் இல்லாத, ஆனால் நுரையீரலைப் பிழிகிற வேலை.

2020 மார்ச் 14, கோவா ஃபட்டோர்டாவில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபைனல். ஏடிகே 3, சென்னையின் எஃப்சி 1. கொரோனா பயத்தில் கேலரியில் ஓர் ஆள் இல்லை. தமிழ்நாடு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து சென்னைக்காகக் கத்திக்கொண்டிருந்தது. நம்ம கடப்புறத்துப் பையன் எதிர் அணியில் இருக்கிறான் என்பது எத்தனை பேருக்கு உறைத்தது? அடுத்த சீசனின் முதல் மேட்ச், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் போயிற்று. அந்த சீசன் அதோடு முடிந்தது. கால் நன்றாக இருக்கும்வரைதான் ஆட்டக்காரனின் பேர் பேப்பரில் வரும். அதன் பிறகு ஊர்தான் பேரைக் காப்பாற்ற வேண்டும். அவர் கூடப்பிறந்த மைக்கேல் ரெஜினும் ஐஎஸ்எல் வரை போனவர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர். நம்ம கிரவுண்டுகளில் ஒரு கேலரிக்காவது அந்த வீட்டுப் பேர் உண்டா?

பேர் தொலைகிற வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. சைமன் சுந்தர்ராஜ் என்று ஒரு தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1973-இல் கேரளா முதன்முதலாக மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபியை ஜெயித்தபோது கோச் அவர்தான். எல்லை தாண்டி பொழியூர் பக்கம் போனால் அந்த டீமைப் பற்றிப் பேச ஒரு பெரியவராவது கிடைப்பார். ரயில்வேயை 3-2-க்கு அடித்த ஃபைனலையும் கேப்டன் மணியின் ஹாட்ரிக்கையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். கோச் நம்ம ஆள், கோப்பை அவர்களுக்கு. தமிழ்நாடு இதுவரை சந்தோஷ் டிராபியை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2012-இல்கூட ஃபைனல் வரை போய், ராணுவத்தினரின் சர்வீசஸ் அணியிடம் தோற்றோம். சைமன் பேரை நம்ம அண்டர்-14 பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். பைபிளில் வருகிற சீமோனைச் சொல்வார்கள்.

இன்னொன்று. ஆண்கள் ஜெயிக்காததைப் பெண்கள் ஜெயித்திருக்கிறார்கள். தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரை அடித்துக் கோப்பை எடுத்தது. மணிப்பூரை! 2023-இல் ஹரியானாவை அடித்து மறுபடியும் எடுத்தது. நீங்கள் பெண்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? ஃபைனலுக்கு முன்னால், கூட்டம் சேரும்வரை, இருபது இருபது நிமிடத்தில் ஒரு 'காட்சிப் போட்டி'. சாயங்கால வெயில் மூஞ்சியில் அடிக்க அதுகள் ஆடும்போது நீங்கள் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பாட்டு டெஸ்ட் செய்துகொண்டிருப்பீர்கள். அப்போது என் மைக்கையும் வாங்கி வைத்துக்கொள்வீர்கள்.

"பேரைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன, பயக்க ஆசைக்கு ஆடுதான்" என்று ஒரு கமிட்டி அண்ணன் என்னிடம் சொன்னார். ஆசைக்குத்தான் ஆடுகிறான், அதில் தகராறு இல்லை. ஆனால் என்கூடப் பந்து விளையாடிய ஒருத்தன் கதை கேளுங்கள். நல்ல கோலி (கோல்கீப்பர்). பெனால்டியில் அவனுக்கு முன்னால் நிற்கவே அடுத்த ஊர்க்காரன் பயப்படுவான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு ஃபைல் நிறைய சர்டிபிகேட்டோடு ஒரு அலுவலகத்துக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். உள்ளே இருந்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் நாம் கொடுத்தது. தங்க நிற பார்டர், புனிதரின் படம், கமிட்டி சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. தேதி இருந்ததில் பாதிதான். மூன்றில் பேர் எழுத வேண்டிய புள்ளிக்கோடு அப்படியே காலியாகக் கிடந்தது. "தம்பி, இது யாரு பேருக்கு வேணும்னாலும் எழுதிக்கலாமே" என்றார் அவர். கோபப்படக்கூட முடியவில்லை. திருவிழா டூர்னமெண்ட் சர்டிபிகேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, அங்கீகாரம் உள்ள சங்கங்களின் மாநில, தேசியப் போட்டிகள் வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது அவன் கொச்சியிலிருந்து போட்டில் போகிறான். வருமானம் மோசமில்லை. அந்த ஃபைலை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டான், வீட்டில் இடம் இல்லையாம்.

கேட்கப்போவது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அணி பெயர் கொடுக்கும்போதே பதினெட்டுப் பேரின் முழுப் பேரும் ஊரும் பிறந்த தேதியும் வாங்குங்கள். 'கண்ணாடி', 'குட்டன்', 'சுறா' எல்லாம் பிராக்கெட்டில் இருக்கட்டும், எனக்கும் அதுதான் வாயில் வரும். ஒரு ஸ்கோர் நோட்டு போடுங்கள். கோல் மட்டும் இல்லை, யார் எத்தனை மேட்ச் ஆடினான், கோலி யார், ஸ்டாப்பர் யார் என்று. மருத்துவமனையிலோ ஸ்கூலிலோ வேலை பார்க்கிற ஒரு அக்காவிடம் கொடுத்தால் உங்களைவிட ஒழுங்காக எழுதுவார்.

கிளப்பை மாவட்டச் சங்கத்தில் பதியுங்கள். பையன்களை அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏற்றுங்கள். இது ஏன் என்றால், ஃபிஃபா விதிப்படி ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பிளேயர் பாஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. 12 வயதிலிருந்து அவன் எந்தெந்த கிளப்பில் பதிவாகி ஆடினான் என்பது அதில் இருக்கும். நம்ம கடப்புறத்துப் பையன் நாளைக்கு எவ்வளவு உயரம் போனாலும் அந்தக் காகிதத்தில் முதல் வரி சென்னையிலோ கொல்கத்தாவிலோ தொடங்கும். மணலில் அவனுக்குப் பந்து பழக்கிய கிளப் அதில் இருக்காது, ஏனென்றால் காகிதத்தின் கணக்கில் அப்படி ஒரு கிளப்பே இல்லை. ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரன் வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பங்காக வரும் என்பதும் அதே விதிதான். காசு வருமா வராதா என்பது கிடக்கட்டும். பேர் வரட்டும்.

ஃபிளெக்ஸில் ஸ்பான்சர் முகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது? கீழே ஒரு ஓரத்திலாவது அணிப் பட்டியலைப் போடுங்கள். பெண்கள் ஃபைனலை ராத்திரி எட்டு மணிக்கு வையுங்கள். கைச்செலவுக்கு இல்லாமல் வேறு டீமுக்குக் கூலிக்கு ஆடப் போகிறவனை 'துரோகி' என்று மைக்கில் சொல்லச் சொல்லி எனக்குச் சீட்டு அனுப்பாதீர்கள். போன வருடம் அனுப்பினது யார் என்று எனக்குத் தெரியும்.

வருகிற சீசனுக்கு ஏற்கெனவே மூன்று கமிட்டி என்னிடம் தேதி கேட்டிருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே பதில்: மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு அணியின் பேர்ப் பட்டியலும் என் மேசைக்கு வர வேண்டும். வந்தால் பேட்டாகூட வேண்டாம், ஒரு கட்டஞ்சாயா போதும். வரவில்லை என்றால் வேற ஆளைப் பாருங்க.

அந்த நாலாம் நம்பர் பையனின் பேரை இந்த மடலில் நான் போடவில்லை. அதை மைக்கில்தான் சொல்ல வேண்டும், அவன் ஊர் கேட்க. போட்டு எப்போது கரைக்கு வருகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க மைக்காரன்