செயலாளர் ஆண்டறிக்கை: மனச்சோர்வு தணிந்த பின்னரும் நீடிக்கும் ஞாபக, கவனச் சிரமங்களுக்கான இணையவழி உதவி

தலைவர் அவர்களுக்கும், போசகர்களுக்கும், பொதுச்சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்துக்கமைய, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களுக்கான இணையவழிச் சந்திப்புகள் இவ்வாண்டு முழுவதும் நடைபெற்றன. துக்கம் தணிந்து, பசியும் உறக்கமும் சீராகிய பின்னரும், கவனம் நிலைக்காமை, கேட்டது மனதில் தங்காமை, ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்க இயலாமை போன்றவை பலரிடம் நீடிப்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. எம்மூரில் இதற்குச் சோம்பல் என்று பெயர். "வருத்தம் மாறீற்றுது தானே, இனி என்ன?" என்ற வீட்டாரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்களே எம்மை முதலில் நாடினர்.

உளநலக் கிளினிக் வாசலில் அயலவர் கண்ணில் படப் பலர் இன்னும் கூசுகின்றனர். நெடுந்தீவிலிருந்து வருபவருக்கோ படகுப் பயணத்தோடு ஒரு நாளே போய்விடும். ஆகவேதான் இணையவழியைத் தேர்ந்தோம்.

மூளைப் பாதிப்புற்றோருக்கென உருவாகி, பின்னர் மனச்சோர்வுக்கு உள்ளானவர்களிடமும் நோர்வே ஆய்வாளர்களால் பரீட்சிக்கப்பட்ட 'இலக்கு முகாமைத்துவப் பயிற்சி'யின் எளிய படிகளையே எமது உளவளத்துணையாளர் கற்பித்தார்: செய்வதைச் சற்று நிறுத்துதல், நோக்கத்தை நினைவூட்டுதல், வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல், சரிபார்த்தல். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதும் உறுப்பினர் ஒருவர், தொலைபேசி ஒலித்தால் எடுப்பதற்கு முன் பதிவேட்டில் அந்த வரியின் கீழ் அடிமட்டத்தை வைத்துவிடுகிறார். முன்பு ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் பக்கத்தின் தலைப்பிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்தாராம். கைபேசியில் 'மூளை விளையாட்டு' ஆடுவதைவிட இதுவே பயன் தருமென்பது என் கருத்து. விளையாட்டில் புள்ளி ஏறுவது அலுவலக மேசைவரை வந்து சேர்வது அரிது.

கவனம் நிலைக்காதவர்களை ஒரு மணிநேரம் திரையைப் பார்த்திருக்கச் சொல்வது பொருந்தாது எனப் பங்குபற்றியவர்களே சுட்டிக்காட்டியதால், சந்திப்பைப் பாதியாக்கி, அதன் சாரத்தைக் குரல்பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். அதன்பின் வரவு கூடியது. மின்தடையும் சிக்னல் குறைபாடும் வழமைபோலவே.

இது சிகிச்சைக்கு மாற்றன்று. தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, உறக்கக் குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே சிரமங்களைத் தரக்கூடுமாதலால், புதிதாகச் சேர்பவர் தமது வைத்தியரிடம் முதலில் கேட்டறியுமாறும், எவரும் மருந்தைத் தாமாக நிறுத்தவேண்டாம் என்றும் ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லிவருகிறோம். அவசர வேளைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் பகிரப்பட்டுள்ளது.

குடும்பத்தினருக்கெனத் தனிச் சந்திப்பொன்றை மாதந்தோறும் நடத்தவும், வசதி குறைந்தோரின் டேட்டாச் செலவைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும் இச்சபையின் அனுமதியைக் கோருகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.