குளிர்காலக் கட்டம் காலியாக இருக்கிறது

பெறுநர்: புவி அறிவியல் அமைச்சகம், பிருத்வி பவன், லோதி சாலை, புது தில்லி.

துருவ ஆய்வுகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு, முனிர்க்காவிலிருந்து வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒருவராவது தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருப்பார். டீ குடிக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடட்டும். நான் முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள். இப்போது அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

விஷயம் ஒரு சார்ட் பேப்பரில் ஆரம்பித்தது. என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளிக் கண்காட்சிக்காக ஆர்க்டிக் கடலின் தாவர மிதவை உயிரிகளை மாதவாரியாக வரைந்தாள். அதுதான், பைட்டோபிளாங்டன் என்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். மே மாதத்துக்கு உயரமான பச்சைக் கட்டம், ஆகஸ்டுக்குக் குட்டையானது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஒன்றும் போடாமல் விட்டுவிட்டாள். நடுவராக வந்தவர் "இது ஏன் காலி?" என்று கேட்டார். "தகவல் கிடைக்கவில்லை சார்" என்றாள். "தகவல் இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுது" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே மூன்று பூஜ்ஜியம் போட்டாள்.

அந்த நடுவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நாம் எல்லோருமே அப்படித்தான் வாசிக்கிறோம். கடலின் நிறத்தை வைத்துப் பச்சையத்தைக் கணக்கிடும் கருவி நம் ஓஷன்சாட் செயற்கைக்கோள் வரிசையில் 1999 முதல் பறக்கிறது. 2022 நவம்பரில் ஏவிய ஈ.ஓ.எஸ்-06 வரைக்கும் வந்துவிட்டோம். ஆனால் கடலில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். ஆர்க்டிக்கில் நம் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கும் இடம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள நி-ஓலசுந்து. அங்கே அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அப்போது எடுக்கும் வரைபடத்தில் அந்த இடம் கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பைப் பார்த்ததும் நாம் 'ஒன்றுமில்லை' என்று படித்துவிடுகிறோம்.

என் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. தில்லியில் கறிவேப்பிலை வளர்த்தவர்களுக்கு அது படும் பாடு தெரியும். டிசம்பரில் இலை பழுத்து உதிரும். ஜனவரிப் பனிமூட்டத்தில் சாம்பல் நிறக் குச்சி மட்டும் நிற்கும். முதல் வருடம் செத்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. மார்ச்சில் கணுவுக்குக் கணு துளிர்.

துருவக் கடலும் கிட்டத்தட்ட அப்படித்தான். குளிர்காலப் புயல் நீரைக் கலக்கி, ஆழத்தில் கிடக்கும் நைட்ரேட், சிலிகேட் ஆகிய சத்துகளை மேலே கொண்டுவந்து வைக்கிறது. சமையல் தயார், அடுப்புக்கு ஒளிதான் இல்லை. வெளிச்சம் திரும்பியதும் ஏப்ரல், மே வாக்கில் டயட்டம்கள் பெருகுகின்றன. கண்ணாடிச் சத்தான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசிகள் இவை. கூடவே, சில வருடங்களில் இவற்றை முந்திக்கொண்டு, பியோசிஸ்டிஸ் என்ற கொழகொழப்பான கூட்டம் எழும். சில வாரங்களில் சத்து தீர்ந்துபோகும். பிறகு பனியாறு உருகிய நன்னீர் மேலே ஒரு மூடிபோலப் படர்ந்து, அடியிலிருந்து சத்து ஏறவிடாமல் செய்கிறது. கோடையில் அந்த மெல்லிய அடுக்கில் பிழைப்பவை மைக்ரோமோனாஸ் போன்ற பொடிப்பொடி உயிரிகள். ஒரு மில்லிமீட்டரில் அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஐநூறுக்கு மேல் நிற்கும்.

சரி, யார் எழுந்தால் என்ன என்று கேட்கலாம். சாப்பிடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். டயட்டம் பெருகினால் அதைத் தின்னும் கோப்பிபாடு என்ற பொடி ஓட்டுயிரிகளுக்கும், தெற்கே அண்டார்டிகாவில் இறால் மாதிரியான கிரில்லுக்கும், அவற்றைத் தின்னும் மீன், பெங்குவின், திமிங்கிலம் வரைக்கும் விருந்து. கொழகொழக் கூட்டம் அவ்வளவு நல்ல சாப்பாடு இல்லை. எது எழும் என்பது ஓரளவு குளிர்காலத்திலேயே முடிவாகிவிடுகிறது. டயட்டம்களில் பல, விதை மாதிரி தடித்த ஓடுள்ள உறக்கச் செல்களாக மாறி அடி மண்ணில் படுத்துவிடும். குளிர்காலக் கலக்கல் தரைவரை போனால் அவை மேலே வரும். போகாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். ஹிமாத்ரிக்கு முன்னால் விரியும் காங்ஸ்ஃபியோர்டு என்ற குறுகிய கடல் நுழைவில் 2006-க்குப் பிறகு குளிர்காலப் பனி பழையபடி உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் அந்தக் கலக்கலும் மாறத்தானே செய்யும்?

இருட்டில் எதுவும் நடப்பதில்லை என்ற எண்ணமும் உடைந்துவிட்டது. 2019-20-இல் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மானியக் கப்பல் தன்னைப் பனியோடு உறையவிட்டு மத்திய ஆர்க்டிக்கில் மிதந்தது. மார்ச் கடைசியில், சூரியன் அங்கே தலைகாட்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பனிக்கும் அதன்மேல் படிந்த வெண்பனிக்கும் அடியில் கிட்டத்தட்ட இருட்டு. நல்ல வெயிலில் கிடைப்பதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான். அதற்குள்ளேயே பாசிகள் வளரத் தொடங்கிவிட்டன என்று கண்டார்கள். எந்தச் செயற்கைக்கோளும் அதைப் பார்த்திருக்க முடியாது.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. காங்ஸ்ஃபியோர்டுக்குள் 2014-இல் இறக்கிய இண்டார்க் கருவித்தொகுதி சென்னைப் பள்ளிக்கரணையில், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வரும். 2023 டிசம்பரில் முதல் குளிர்கால ஆர்க்டிக் பயணத்தையும் அனுப்பினீர்கள். ஆனால் நீருக்குள் நிற்கும் உணரி வெப்பத்தையும் உப்பையும் பச்சையத்தையும் சொல்லும். அந்தப் பச்சை யாருடையது என்று சொல்லாது. அதற்குப் புட்டியில் தண்ணீர் பிடித்து, அயோடின் கரைசல் விட்டு, ஒரு நாள் அடங்கவிட்டு, நுண்ணோக்கியில் ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். சலிப்பான வேலை. ஹௌஸ் காஸ் ஏரித் தண்ணீரை வைத்துப் பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கிறேன். அதே தண்ணீரை வடிகட்டினால், அரைக் குவளை ஊற்றுவதற்குள் வடிதாள் பச்சையாகி அடைத்துக்கொள்ளும். துருவக் குளிர்காலத்தில் லிட்டர் லிட்டராக ஊற்றினாலும் தாள் வெள்ளையாகவே இருக்கும். அந்த வெள்ளைத் தாளில் இருப்பவற்றையும் எண்ண வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஹிமாத்ரியில் மாதம் ஒருமுறை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தவறாமல், ஒரே இடத்தில் ஒரே ஆழங்களில் தண்ணீர் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வருடம் செய்து அறிக்கை போட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அண்டார்டிகாவின் ரோதெரா நிலையத்தில் பிரிட்டன்காரர்கள் 1997 முதல் குளிர்காலத்திலும் எடுத்து வருகிறார்கள். கடல் உறைந்தால் பனியில் ஓட்டை போட்டு எடுக்கிறார்கள். அப்புறம், நமக்கென்று துருவ ஆய்வுக் கப்பல் கட்ட 2025 ஜூனில் ஆஸ்லோவில் ஒப்பந்தம் போட்ட செய்தியைப் படித்தேன். அது வந்ததும், வழக்கம்போல ஜனவரி, பிப்ரவரியில் தெற்கே போவதோடு நின்றுவிடாமல், அக்டோபர், நவம்பருக்கும் சில நாள் ஒதுக்குங்கள். தெற்கில் வசந்தம் அப்போதுதான். விருந்து முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குப் போய் நின்று யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்பது எப்படி?

இன்னொன்று, செலவே இல்லாதது. பொதுமக்களுக்கு வெளியிடும் வரைபடங்களில் அளக்காத இடத்தைக் கறுப்பாக விடாமல் சாய்கோடு போட்டு, 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். இந்தியிலும் தமிழிலும் எழுதினால் இன்னும் நல்லது.

அந்தப் பெண் தன் சார்ட்டில் இருந்த பூஜ்ஜியங்களை ரப்பரால் அழித்துவிட்டு, பென்சிலால் சாய்கோடு போட்டு வைத்திருக்கிறாள். பென்சில்தான், பேனா இல்லை. உங்களிடமிருந்து எண் வந்தால் மாற்றிக்கொள்ளலாமாம்.

இப்படிக்கு,
முனிர்க்காவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை

பி.கு.: உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் ஜனவரியில் குச்சியாக நின்றால் பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீரை மட்டும் குறைத்துவிடுங்கள்.