இரண்டு ஸ்பிரிங்குக்கு ஒரு நன்றி

நண்பர்களே,

நான் செய்த குடா, அதாவது 1970-ஆம் வருஷத்து பிளிமத் குடா காரின் சின்ன மாடல், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று மாலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். விரல் நுனியில் இன்னும் சூப்பர் க்ளூ உரிந்துகொண்டிருக்கிறது. அதோடேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாழக்கிழமை வண்டி உடைந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்லத் தெம்பில்லை. ஏழு மாத வேலை, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய பெரியவரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு 19 நாள் பாக்கி. "விட்டுவிடுகிறேன்" என்று அன்றிரவு உங்களுக்கு எழுதினேன். நீங்கள் விடவில்லை.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பழைய மாடல் கார் கிட் (ஒட்டிச் சேர்க்கிற பாகங்களின் பெட்டி) ஒன்றிலிருந்து முன்கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சு சுற்றி அனுப்பியவருக்கு. சூப்பர் க்ளூ வைத்தால் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், சாதாரண வெள்ளைப் பசையே போதும் என்று அதே உறைக்குள் துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் தன்னிடம் இருந்ததில் பாதியை வெட்டிக் கொடுத்தவருக்கு. நிஜ வண்டியின் பானட்டைத் திறந்து, கீலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் பிடித்துப் படமெடுத்து அனுப்பியவருக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் செய்து, "படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன், அஞ்சும் ஏழும் மாறிக் கிடக்கு" என்றவருக்கு. இந்த வண்டியின் எட்டு சிலிண்டர் ஹெமி எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழுகிற வரிசை, 1-8-4-3-6-5-7-2. பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து போகிற எட்டு ஒயரில் இரண்டை நான் மாற்றிச் செருகியிருந்தேன். தலைமுடி கனத்தில் இருக்கும் ஒயர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பேன், அவர் விடவில்லை. அப்புறம், மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையை எனக்கு விட்டுக்கொடுத்து, தின்னர் நாற்றத்துக்கு நடுவே ரசம் வைத்த என் வீட்டம்மாவுக்கு. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டியது. எழுதுவேன்.

ஆனால் இந்த மடல் எழுத உட்கார்ந்தது என் மகளின் வீணை டீச்சருக்காக. வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமி. இத்தனைக்கும், பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவந்து விடுகிற சாமான் என்பதைத் தாண்டி அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பெரியவர் 1970-இல் டெட்ராய்ட் பக்கம் ஹாம்டிராமிக்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்' தொழிற்சாலையில் பானட் மாட்டுகிற வேலையில் இருந்தவர். அந்த மாடல் வருஷத்தில் ஹெமி எஞ்சினோடு வந்த மூடிய கூரை குடா 652 தான். அதில் எத்தனை தன் கை வழியாகப் போனது என்பது அவருக்கே தெரியாது. தொழிற்சாலையை 1980-இல் மூடியாகிவிட்டது. வண்டிக் கண்காட்சிக்குப் போனால் கூட்டம் முழுக்க எஞ்சினைச் சுற்றி நிற்கும். இவர் மட்டும் பக்கவாட்டில் குனிந்து கீலைப் பார்ப்பார். கிட்டில் வருகிற பானட்டோ எஞ்சின் மேல் கவிழ்த்து வைக்கிற வெறும் மூடி. கீலே கிடையாது. அதனால்தான் ஸ்டைரீனை வெட்டி, ஊசித்துண்டுகளை அச்சாகப் போட்டு நானே கீல் செய்தேன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டாம் தடவையும் செய்தேன். ஆனால் கீலுக்கு ஒன்று வீதம் வர வேண்டிய ஸ்பிரிங் மட்டும் கைக்கு வரவே இல்லை. செம்புக் கம்பியை ஊசியில் சுற்றிச் சுற்றிப் பதினோரு தடவை பார்த்தேன். பதினொன்றும் மண்புழு மாதிரிதான் வந்தது.

இதை மகள் வகுப்பில் உளறியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம், கொட்டுகிற பனியில், மாமி எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு மாத்திரை டப்பி. உள்ளே அறுந்துபோன வீணைத் தந்திகள், சின்னச் சின்ன வளையமாகச் சுற்றி நூலால் கட்டியவை. ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டில் பெயர்: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். "வருஷக்கணக்கா சேர்ந்துடுத்து. தூக்கிப் போட மனசு வரலை. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்கோ."

மந்தரமும் அனுமந்தரமும் வெறும் கம்பி இல்லை. நடுவில் ஓடும் எஃகுக் கம்பியின் மேல் அதைவிட மெல்லிய கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருப்பார்கள். அது எனக்குச் சட்டென்று ஓடவில்லை. மாமிதான் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்து, அனுமந்தரத்தில் ஒரு விரற்கடை வெட்டச் சொன்னார். இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்து காய்த்திருந்தது. அந்த இரண்டு விரலுக்கு நடுவே துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் என் குறடால் நடுக்கம்பியை மெதுவாக உருவினார். முதல் துண்டு பிரிந்து போயிற்று. இரண்டாவதில் எஃகு தனியே வந்துவிட, விரலிடுக்கில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. அரிசி நீளம், சீரான சுற்று, ஒரு மில்லிமீட்டர் கனம். 25-இல் ஒரு பங்கு அளவுக்குக் கணக்குப் போட்டால் நிஜ வண்டியில் ஓர் அங்குலம்.

நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே, "இந்த வண்டி எப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்டார். ஃபோனில் ஒரு ஹெமி நின்ற இடத்தில் உறுமுவதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். "ஸ்ருதியே சேரலையே." காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்: அந்த ஸ்பிரிங் எதையும் தூக்கவில்லை. பானட்டைத் தாங்குவது கீல் அச்சின் இறுக்கம்தான். மேலே கொஞ்சம் கருப்பு மசி ஓட்டி, அழகுக்கு மாட்டியிருக்கிறேன்.

நேற்று பெரியவர் வண்டியைக் கையில் வாங்கியதும் நகத்தால் பானட்டை நெம்பித் திறந்தார். பானட்டின் ஓட்டை வழியாக வெளியே நீட்டி நிற்கிற ஷேக்கர் மூடி எஞ்சினோடேயே நிற்க, பானட் மட்டும் மேலே போய் நின்றது. ஒயர் வரிசையை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடது கீலிடம் மூக்கைக் கொண்டுபோனார். மூடினார். மறுபடி திறந்தார். ஸ்பிரிங்கை எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டார். வீணை என்றால் என்னவென்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அனுமந்தரத்தின் மிச்சத்தை அந்த டப்பியோடேயே அவரிடம் கொடுத்துவிட்டேன்.

மாமி, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும்; மகளை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அடுத்து நான் செய்யப் போவது கார் இல்லை. 12-இல் ஒரு பங்கு அளவில் ஒரு வீணை. ஏழு தந்தி, மெழுகின் மேல் 24 மெட்டு (தந்தியை அழுத்துகிற குறுக்குக் கம்பி), யாளி முகம் எல்லாம் சேர்த்து. உங்கள் சாரணித் தந்தி இந்த அளவுக்கு ரொம்பக் கனம், மெல்லிய கம்பி வேறு தேட வேண்டும். மெட்டுக்கு அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி யாரிடமாவது இருக்கிறதா? ஒரு நன்றி மடலிலேயே அடுத்த உதவியும் கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.