டிம் ரிச்மண்டின் பெயரை வாக்குச்சீட்டில் சேருங்கள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழ் மண்டபத்தின் பரிந்துரைக் குழுவினருக்கும் வாக்காளர் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2026-ஆம் ஆண்டுத் தேர்வுக்காக நீங்கள் வெளியிட்ட 15 பேர் பட்டியலில் ஹாரி ஹைடின் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஓட்டுநர் பாபி ஐசக்கை 1970-இல் சாம்பியனாக்கிய க்ரூ சீஃப், அதாவது காரைத் தயார்செய்யும் குழுவின் தலைவர் அவர். உடனே இன்னொரு பெயரைத் தேடினேன். 1986-இல் ஹைடு தயார்செய்த 25-ஆம் எண் செவர்லேயை ஓட்டியவரின் பெயர். மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தும் அது இல்லை. அந்தக் காரின் உரிமையாளர் ரிக் ஹென்ட்ரிக் 2017-லேயே உங்கள் மண்டபத்துக்குள் போய்விட்டார். காரைத் தயார்செய்தவர் வாசல் வரை வந்துவிட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்த டிம் ரிச்மண்ட் மட்டும் இன்னும் தெருவிலேயே நிற்கிறார்.

அவருக்காகத்தான் இந்த மடல். ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து உங்கள் தேர்வில் ஒரே ஒரு வாக்கு. அதையும் நீங்கள் தரும் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் போட முடியும். பட்டியலிலேயே இல்லாதவருக்காக எங்களால் கடிதம்தான் எழுத முடியும்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. சென்னையில் வளர்ந்தவனுக்குக் கார் பந்தயம் என்றால் சோழவரம், அப்புறம் இருங்காட்டுக்கோட்டை. வேலைக்காக அமெரிக்காவின் சார்லட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்டாக் கார் என்ற ஒன்றையே பார்த்தேன். ரோட்டில் ஓடும் கார் போலவே தோற்றம், நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே வட்டத்தை நூற்றுக்கணக்கான தடவை சுற்றும் பந்தயம். முதலில் எனக்கும் அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை மார்ட்டின்ஸ்வில் பந்தயப் பாதைக்குக் கூட்டிப்போய், யார் டயரைக் காப்பாற்றுகிறார், யார் தேய்த்துத் தள்ளுகிறார் என்று மூன்று மணி நேரம் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து நானும் இதில் ஒருவன். ரிச்மண்ட் என்ற பெயரை முதலில் கேட்டதும் அவரிடம்தான். பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயரும். ரிச்மண்ட் எப்படிச் செத்தார் என்று நான் கேட்டபோது, நாங்கள் இருவர் மட்டும்தான் காரில் இருந்தோம், அப்போதும் குரலைத் தாழ்த்தினார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் என் மக்களுக்குத் தெரியாது.

ஓஹையோ மாநிலத்தின் ஆஷ்லாந்தில் 1955-இல் பிறந்தவர் ரிச்மண்ட். 1980-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். கடைசியில் எரிபொருள் தீர்ந்து கார் பாதையிலேயே நின்றுவிட்டது. ஜெயித்த ஜானி ரதர்ஃபோர்டு தன் காரின் பக்கவாட்டில் அவரை உட்காரவைத்துக் கொண்டுவந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வரும் அந்த இளைஞனைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். அதே ஆண்டு நாஸ்காருக்கு வந்தார். தெற்கத்திக்காரர்கள் நிறைந்த உலகத்தில் வட மாநிலத்துப் பணக்கார வீட்டுப் பையன், நீளமான முடி, பட்டுச் சட்டை. பலருக்கு ஒட்டவில்லை. 1982-இல் ரிவர்சைடு பாதையில் இரண்டு முறை ஜெயித்த பிறகு வாய்கள் கொஞ்சம் அடங்கின.

1986-இல் ஹென்ட்ரிக்கின் அணிக்குப் போனார். அறுபது வயதைத் தாண்டிய ஹாரி ஹைடும் முப்பது வயது ரிச்மண்டும் ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் சகிக்கவில்லை. ஒரு டயர் சோதனையில் ஹைடு அவரிடம் 50 சுற்று உன் இஷ்டத்துக்கு ஓட்டு, அடுத்த 50 சுற்று நான் சொல்கிறபடி ஓட்டு என்றாராம். தன் இஷ்டப்படி ஓட்டியபோது முதல் சில சுற்றுகள் பறந்தன, டயர் செத்ததும் நேரமும் செத்தது. ஹைடு சொன்னபடி ஓட்டியபோது மொத்த நேரம் குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் கேட்க ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் கதையை என்னிடம் குறைந்தது ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

ஜூன் வரை ஒரு வெற்றியும் இல்லை. அதன் பிறகு ஆண்டு முடிவதற்குள் ஏழு. போகோனோவில் இரண்டு, டேட்டோனாவில் ஜூலை 4 பந்தயம், வாட்கின்ஸ் க்ளென், டார்லிங்டனில் சதர்ன் 500, அவர் பெயரையே கொண்ட ரிச்மண்ட் நகரப் பாதை, கடைசியாக ரிவர்சைடு. இந்த இடங்களை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். முக்கோண வடிவப் பாதை, அசுர வேகப் பாதை, வலதும் இடதுமாக வளையும் சாலைப் பாதை, சுவரை உரசாமல் ஓட்டவே முடியாத டார்லிங்டன், குட்டி வட்டம். எந்த மாதிரிப் பாதையைக் கொடுத்தாலும் ஜெயித்தார். அந்த ஆண்டு சாம்பியன் ஆன டேல் எர்ன்ஹார்ட் ஜெயித்தது ஐந்து. வேறு எவரும் ரிச்மண்டைவிட அதிகமாக ஜெயிக்கவில்லை. புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம் அவருக்கு.

டிசம்பரில் உடம்பு படுத்தது. எய்ட்ஸ் என்று தெரிந்தது. வெளியே சொல்லவில்லை. இரட்டை நிமோனியா என்றார்கள். 1987-இன் தொடக்கப் பந்தயங்களில் அவர் இல்லை. ஜூன் மாதம் போகோனோவுக்குத் திரும்பி வந்தார். ஜெயித்தார். வெற்றிச் சுற்றில் சக ஓட்டுநர்கள் பக்கத்தில் வந்து வாழ்த்தினார்கள். ஒரு வாரம் கழித்து ரிவர்சைடிலும் ஜெயித்தார். அந்த நோய்க்கு அன்று மருந்து என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட உடம்போடு, ஜூன் வெயிலில், அடுப்பு மாதிரி கொதிக்கும் காருக்குள் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி எர்ன்ஹார்ட், பில் எலியட் காலத்து ஆட்களை அடுத்தடுத்து இரண்டு வாரம் முந்தினார். உங்கள் மண்டபத்துக்குள் இருப்பவர்களில் எத்தனை பேர் இதைவிடக் கஷ்டமான வெற்றியைப் பெற்றிருப்பார்கள்?

அந்த ஆண்டு மொத்தம் எட்டுப் பந்தயம்தான் ஓட்டினார். ஆகஸ்டில் மிச்சிகனோடு சரி. மற்ற ஓட்டுநர்கள் அவர் நிலையைப் பார்த்துப் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். 200 மைல் வேகத்தில் பக்கத்தில் வருபவர் முழு உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பில்லை. அவர் நோயை மறைத்ததையும் நான் சரி என்று சொல்ல வரவில்லை.

ஆனால் 1988 பிப்ரவரியில் டேட்டோனாவில் நடந்ததை எப்படிச் சரி என்பது? திரும்பி ஓட்ட வந்தவரைப் போதைப்பொருள் சோதனையில் தோற்றதாகச் சொல்லி நிறுத்தினார்கள். மறுசோதனையில் இருந்தது சளிக்கும் வலிக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மாத்திரைகள்தான் என்று தெரிந்தது. தடையை நீக்கினார்கள். ஆனால் ஓட்ட வேண்டுமானால் மருத்துவக் கோப்புகளை முழுவதும் கொடு என்றார்கள். அவர் எப்படிக் கொடுப்பார்? கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வழக்குப் போட்டார். பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். 1989 ஆகஸ்ட் 13-ஆம் தேதி இறந்தார். வயது 34. பத்து நாள் கழித்து மருத்துவர் சொல்லித்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

அவர் ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரிகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1986-இல், எங்கள் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வருடம் கழித்து ஊரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று பேனர் வைத்தார்கள். விழிப்புணர்வுக்காக வைத்ததுதான். பையன்களாக இருந்த நாங்கள் அந்தப் பெயரை எடுத்து, பிடிக்காதவனைக் கூப்பிடும் வசவாக்கினோம். எங்கள் தெருவில் மெலிந்துபோய் வீட்டுக்குள்ளேயே கிடந்த ஒருவரை அப்படிக் கூப்பிட்டோம். அவருக்கு என்ன நோய் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் குரலைத் தாழ்த்தியபோது எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ரிச்மண்டின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது என்றால், உங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. இல்லை என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன்.

13 வெற்றி போதாது என்பீர்கள். ஜெஃப் பர்ட்டன் 21 வைத்துக்கொண்டு காத்திருந்தார், நீல் பானெட் 18 வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்களுக்கும் இடம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரிச்மண்டின் 13 வந்தது வெறும் 185 பந்தயங்களில். 14 பந்தயத்துக்கு ஒன்று. நீங்கள் 2026-க்குத் தேர்ந்தெடுத்த ஹாரி கேன்ட் 474 பந்தயத்தில் 18. அதற்கு முந்தைய தேர்வில் வந்த ரிக்கி ரட் 906 பந்தயத்தில் 23. இருவரும் தகுதியானவர்கள்தான். கணக்கு என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஆலன் குல்விக்கி ஐந்தே வெற்றியோடு மண்டபத்தில் இருக்கிறார். 1992-இல் தன் சொந்தச் சின்ன அணியோடு பத்துப் புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனாரே, அது போதும். வெண்டல் ஸ்காட்டுக்கு ஒரே வெற்றி. 1963-இல் ஜாக்சன்வில்லில் அந்தக் கறுப்பின வீரர் ஜெயித்தபோது வேறொருவரை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள், கோப்பை அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது 2021-இல். அவரை 2015-இல் நீங்கள் உள்ளே அழைத்தபோது வெற்றிகளை எண்ணவில்லை. நல்லதைத்தான் செய்தீர்கள்.

பத்து வருடம் ஓட்டியிருக்க வேண்டும் என்ற விதியைச் சொல்வீர்கள். ரிச்மண்ட் ஓட்டியது எட்டு. ஆனால் ஏதோ காரணத்தால் சீக்கிரம் முடிந்துபோன வாழ்க்கையையும் பரிசீலிக்கலாம் என்று உங்கள் விதியே வழி வைத்திருக்கிறது. 1949-இல் முதல் சாம்பியன் ஆன ரெட் பைரன், போரில் சிதைந்த காலோடு ஓட்டியவர், மேல்மட்டத் தொடரில் ஓட்டியதே 15 பந்தயம். 2018-இல் அவரை அழைத்தீர்கள்.

நடத்தை சரியில்லை என்பீர்களா? முதல் ஐந்து பேரில் ஒருவராக 2010-இல் நீங்கள் உட்காரவைத்த ஜூனியர் ஜான்சன் கள்ளச் சாராயத்துக்காகச் சிறையில் இருந்தவர். அதைப் பெருமையாகவே சொல்கிறோம், அந்த மலைக்காட்டுச் சாராய ஓட்டத்திலிருந்துதான் இந்த விளையாட்டே பிறந்தது என்கிறோம். ஓட்டுநர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றதற்காக கர்டிஸ் டர்னரும் டிம் ஃப்ளாக்கும் 1961-இல் தடை செய்யப்பட்டார்கள். ஆயுள் தடை. ஃப்ளாக் 2014-இல் உள்ளே வந்தார், டர்னர் 2016-இல். சாராயத்தை மன்னிக்க முடிந்தது, எதிர்த்து நின்றவர்களை மன்னிக்க முடிந்தது. நோயில் மன்னிக்க என்ன இருக்கிறது?

1998-இல் நாஸ்கார் தன் 50-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த 50 தலைசிறந்த ஓட்டுநர்களில் ரிச்மண்ட் ஒருவர். டல்லடேகாவில் உள்ள இன்டர்நேஷனல் மோட்டார்ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் 2002-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதனால் நான் கேட்பது புதிதான ஒன்றில்லை. அவரை உடனே தேர்ந்தெடுத்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த முறை நவீன காலப் பட்டியலுக்கு பத்துப் பெயர் எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள். அப்புறம் வாக்குப்போடும் நாளில், அவரோடு ஓட்டிய வயதானவர்கள் இன்னும் உங்களோடு உட்கார்ந்திருக்கும்போதே, 1987 ஜூன் பதினான்காம் தேதி போகோனோவில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. பந்தயத்துக்கு வருவதில்லை, டிவியில்தான் பார்க்கிறார். நீங்கள் ரிச்மண்டை அழைக்கும் வருடம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டாவது அவரை விழாவுக்குக் கூட்டிவருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சார்லட்டில் வாழும் ஒரு சென்னைக்கார ரசிகன்