பட்டப்பகலில் எரியும் ஹெட்லைட்

அன்பு பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். மும்பை சயானில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் 'மீட்டிங்' என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தூக்கிப் போடாதே, காரிலேயே வைத்துக்கொள்.

போன மாதம் நீ புனேயிலிருந்து வந்தபோது மெரின் டிரைவிலிருந்து கோஸ்டல் ரோடு வழியாக வொர்லிக்குப் போனோமே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம். மலபார் ஹில்லுக்கு அடியில் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம். ஹெட்லைட் ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருந்தால் உள்ளே போனதும் ஹெட்லைட் தானாக எரிந்து, வெளியே வந்ததும் அணைய வேண்டும். உன் கார் மெரின் டிரைவ் வெயிலிலேயே எரியவிட்டுக்கொண்டு வந்தது. நீ பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவளிடம் வயரிங் பேசுவானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஒர்க்‌ஷாப்பில் வெளிச்சத்தை அறியும் சென்சாரை மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டு, அப்புறமும் அதே கதை என்றதும் விளக்கைப் போட்டு அணைக்கும் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்கிறார்களாம். மாற்றாதே. பழைய சென்சாரும் புதுச் சென்சாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். யாராவது மீட்டர் வைத்து அளந்தார்களா? நீ கேட்டிருக்க மாட்டாய்.

டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டிக் கறுப்பாகக் குமிழ் மாதிரி இருக்கிறதே, அதுதான் சென்சார். உள்ளே இருக்கும் போட்டோடையோடில் வெளிச்சம் பட்டால் துளி மின்சாரம் ஓடும். அது வோல்டேஜாகி பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்குப் போகும். விளக்கைப் போடுவதும் அணைப்பதும் மாட்யூலின் வேலை. ஜேஜே ஃப்ளைஓவர் மாதிரி ஒரு பாலத்தின் நிழல் பட்டதும் கண் சிமிட்டாமல், சில விநாடி பொறுத்துத்தான் முடிவெடுக்கும். வயர் அறுந்து சேதியே வராவிட்டால் பல கார்களில் மாட்யூல் அதை 'இருட்டு' என்றே எடுத்துக்கொள்ளும். ராத்திரியில் விளக்கில்லாமல் போவதைவிடப் பகலில் வெட்டியாக எரிவது மேல் அல்லவா? வடிவமைத்தவன் நல்ல புத்திசாலி. ஆகவே உன் காருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறது.

டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் உன் பிள்ளையாரைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். அம்மா போட்ட மாலை சரிந்து குமிழை மூடியிருந்தது. எடுத்துவிட்டேன். விளக்கு அணையவில்லை. அவர் பேரில் குற்றமில்லை.

எனக்குக் கார் வயரிங் வேலை கற்றுக்கொடுத்தவர் கையில், கரண்ட் வந்தால் பல்பு எரிந்து காட்டும் டெஸ்ட் லேம்ப் மட்டும்தான் இருக்கும். நானும் முப்பது வருஷம் அதை வைத்தே பிழைத்தேன். ஆனால் சென்சார் வயரில் அதைத் தொடவிடாதே. 12 வோல்ட் பல்பு இழுக்கும் கரண்டை அந்த மெல்லிய சர்க்யூட் தாங்காது, நன்றாக இருக்கிற மாட்யூலும் போய்விடும். வோல்டேஜை எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் வேண்டும்.

பெரும்பாலும் மூன்று வயர்கள் வரும்: சப்ளை, எர்த், சிக்னல். எது எது என்பதை உன் மாடலின் வயரிங் படத்தில் பார்த்துக்கொள், நிறத்தை வைத்து ஊகிக்காதே. இந்த வயர்களைச் சென்சாரில் மாட்டும் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாகக் குண்டூசியை நுழைத்து அளக்க வேண்டும். வயர் தோலைக் குத்தாதே, குத்தின ஓட்டையில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடு. அது ஏர்பேக்.

இக்னிஷனைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வை. சப்ளையில் பல கார்களில் 5 வோல்ட் வரும், சிலவற்றில் 12. எர்த் வயரில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது, 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அப்புறம் சிக்னல். குமிழை மடித்த கறுப்புத் துணியால் மூடு, எடு. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது காருக்குக் கார் மாறும், ஆனால் மாறியே ஆக வேண்டும். எல்.இ.டி. டார்ச் அடித்து 'மாறவில்லை' என்று சொல்லாதே. சில சென்சார்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்குத்தான் நன்றாக அசையும், எல்.இ.டி.யில் அது அவ்வளவாகக் கிடையாது. வெயிலில் நிறுத்திப் பார்.

சென்சார் பக்கம் மாறி, மாட்யூல் பக்கம் மாறாவிட்டால் நடுவில் வயர் போயிருக்கிறது. அங்கேயும் மாறினால்தான் மாட்யூலைச் சந்தேகப்படலாம். அதற்கு முன்னால் இல்லை.

கழற்றாமல் அளக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்திலேயே ராத்தங்கினாய். அதற்கப்புறம் ஒரு வருஷம் என் கடைக்கு வந்த கார்களில் பாதி, கனெக்டருக்குள் களிம்பு பிடித்தவைதான். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கழற்றி அளந்தால் வோல்டேஜ் சரியாகவே காட்டும். மாட்டி வேலை வாங்கினால் இறங்கிவிடும். அந்தக் களிம்பு எத்தனை நல்ல பாகங்களைக் குப்பைக்கு அனுப்பியது என்று எனக்குத்தான் தெரியும்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. ஜூனில் காட் ரோட்டில், அந்த மலைப்பாதையில், கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினாய் அல்லவா? விளக்குத் தொல்லை அதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால்தான் என்றால் என் சந்தேகம் இதுதான்: ஓரப் பசை சரியாக ஒட்டாமல், மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தக் குமிழின் கனெக்டரில் இறங்கியிருக்கும். புதுச் சென்சாரையும் களிம்பேறிப் பச்சையான அதே கனெக்டரில்தானே மாட்டியிருப்பார்கள்? குமிழைக் கழற்றி, பின்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. டேஷ்போர்டு ஓரத்தைக் கையால் தடவிப் பார், ஈரம் தெரியும்.

அதுவரை ஹெட்லைட்டின் 'ஆட்டோ'வை நம்பாதே. பொழுது சாய்ந்தால் ஸ்விட்சை நீயே திருப்பு, வீட்டுக்கு வந்ததும் அணை.

லாமிங்டன் ரோட்டில் வாங்கிய என் மீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன், 9 வோல்ட் பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறேன். அம்மா அதைப் பருப்புப்பொடி டப்பாவோடு சேர்த்துக் கட்டிவிட்டாள், பொடி சிந்தியிருந்தால் முதலில் துடைத்துக்கொள். குண்டூசி அவளுடைய தையல் பெட்டியில் இருந்து எடுத்தது. எண்ணி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா