‘போகவில்லை’ என்பதிலிருந்து தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய புளியரைச் சோதனைச் சாவடிக்கு அருகிலுள்ள சிற்றூரில், மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆங்கில இறந்தகாலத்தைத் தமிழின் துணையோடு கற்பிக்குமாறு ஆசிரியப் பெருமக்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்தாள். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதியிருந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. வேறு குறிப்பு இல்லை. ‘கோ, வென்ட், கான்’ அவளுக்கு மனப்பாடம். ‘வென்ட்’ இந்த இடத்தில் ஏன் தவறு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. “நேற்றுச் சந்தைக்குப் போனாயா?” என்று கேட்டேன். “போகலை டீச்சர்” என்றாள். “ஏன், ‘போனேன் இல்லை’ என்று சொல்லக் கூடாதா?” என்றதும் யோசிக்கத் தொடங்கினாள். ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் ‘போனேன்’ தன் காலத்தை இழந்து ‘போக’ என்று ஆகிவிடுவதைப் போலவே, ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டதும் வினை ‘கோ’ என்றே நின்றுவிடுகிறது. இதை விளக்கிய பின் அவள் எழுதிய பத்து வாக்கியங்களில் அந்தப் பிழை ஒன்றுகூட இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு மலையாளமும் கைகொடுக்கிறது. நாம் வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கேற்ப முடிவை மாற்றுகிறோம். ஆரியங்காவைத் தாண்டினால் ‘ஞான் வந்நு, அவள் வந்நு’ என்று எல்லாருக்கும் ஒரே வடிவம்தான். ஆங்கிலத்தின் ‘கேம்’ என்பதும் அப்படியே என்றால், உறவினரைப் பார்க்க அடிக்கடி புனலூர் போய்வரும் குழந்தைக்கு உடனே விளங்குகிறது. வந்தான், வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்துகொண்டிருந்தான் என்ற நம் வேறுபாடுகளும் பெரும்பாலும் ‘கேம், ஹாஸ் கம், ஹேட் கம், வாஸ் கமிங்’ என்பவற்றோடு பொருந்துகின்றன. ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று தமிழில் சொல்லலாம், ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஹாஸ் கம்’ வராது.

சொல்வளத்துக்காக நாளொன்றுக்குப் பத்துச் சொற்களைப் பொருளோடு ஒப்பிக்கச் சொல்லும் வழக்கமும் மாற வேண்டும். சே, மேக், கோ, டேக், சீ, கெட் என ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் வினைகளே இறந்தகாலத்தில் ஒழுங்கின்றி மாறுகின்றன. தமிழிலும் உண்டான், தின்றான், ஓடினான் என வினைக்கு வினை மாறத்தான் செய்கிறது; எந்தத் தாயும் அதற்குப் பட்டியல் போட்டுக் கற்பிப்பதில்லை, குழந்தை வாக்கியமாகக் கேட்டே பழகுகிறது. ஆகவே பிள்ளைகள் நேற்று வீட்டில் நடந்ததை நாள்தோறும் நான்கு வரி சொல்லட்டும், தேவைப்படும் சொல்லை அந்த நேரத்தில் கொடுப்போம்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் இன்னும் இருப்பதாகப் பெற்றோர் சொல்லும்போது மனம் வேதனைப்படுகிறது. விளக்குவதற்குக் கையில் இருக்கும் கருவியையே அங்கே பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இத்தகைய ஒப்பீடுகளை வாரம் ஒன்றாக வெளியிட்டால், ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பெரிதும் பயன்படும். எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்,
செங்கோட்டை வட்டம்.