முதல் உணவு: பதம் முக்கியம்
பெற்றோர் கவனத்துக்கு. குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும், தாய்ப்பாலை நிறுத்தாமல், கூடவே திட உணவைத் தொடங்குங்கள். முதலில் 2–3 கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை போதும்.

பலரும் தவறுவது பதத்தில்தான். தண்ணியான கஞ்சியில் குட்டி வயிறு நிரம்பிவிடும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென வழியாத அளவுக்குக் கெட்டியாக மசியுங்கள். இறுகினால் தாய்ப்பால் விட்டுத் தளர்த்தலாம். 8 மாதத்துக்குப் பிறகும் மிக்ஸியில் அரைத்தே கொடுத்தால் குழந்தை மென்று தின்னப் பழகாது. சிறு கட்டிகளோடு கொடுங்கள்.

பிறவியில் சேர்ந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறையும். அதனால் பருப்பு, நன்கு வெந்த முட்டை, இறைச்சி இவற்றில் ஒன்றாவது தினமும் வேண்டும். உப்பு, சர்க்கரை வேண்டாம். 1 வயதுவரை தேன் ஒரு சொட்டும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியின் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். தொண்டையில் அடைக்காதபடி திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுக் கடலை 5 வயதுவரை வேண்டவே வேண்டாம்.

நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வற்புறுத்தாமல், இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி கொடுத்துப் பாருங்கள்.